கராஜ் மாமாவுடையதா, கம்பெனியுடையதா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய தாய்மாமா பதினெட்டு ஆண்டுகளாக ஒரு பெட்ரோல் கராஜ் நடத்துகிறார். எண்ணெய்க் கம்பெனியோடு செய்த ஒப்பந்தம் இன்னும் ஒன்பது மாதத்தில் முடிகிறது. கம்பெனி பத்து ஆண்டுகளுக்கான புதிய ஒப்பந்தத்தை அனுப்பி, ஒரு மாதத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்கிறது. இதற்கிடையே வேறொரு விநியோகஸ்தர் டீசலுக்கு லிட்டருக்குக் கூடுதல் தள்ளுபடி தருவதாக வந்து நிற்கிறார். மாறலாமா, மாறினால் கம்பெனி மாமாவைக் கராஜிலிருந்து வெளியேற்றிவிடுமா என்பது கேள்வி. பார்வைக்கு இது தள்ளுபடியைப் பற்றிய கேள்வியாகத் தெரிகிறது. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, பதினெட்டு ஆண்டு உழைத்த அந்த இடத்தில் மாமாவுக்கு எது சொந்தம், எது சொந்தமில்லை என்பதைத்தான். அதற்கு விடை தெரிந்தால் தள்ளுபடிக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நான் டர்பனில் இருபத்து மூன்று ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஓர் எரிபொருள் விநியோக நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவில் வேலை பார்த்தேன். ஆகவே இந்தத் தாள்களை எழுதும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன், எழுதியதை எதிர்க்கும் பக்கத்திலும் இருந்திருக்கிறேன். இருந்தாலும் உங்கள் மாமாவின் ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை. கீழே சட்டம் என்று சொல்வது எல்லாக் கராஜுக்கும் பொருந்தும். வழக்கம் என்று சொல்வது நான் பார்த்த ஒப்பந்தங்களில் கண்டது மட்டுமே. இரண்டையும் பிரித்துப் படியுங்கள்.

முதலில் விலை. தென்னாப்பிரிக்காவில் பெட்ரோலின் சில்லறை விலையைக் கம்பெனியும் நிர்ணயிப்பதில்லை, கராஜ்காரரும் நிர்ணயிப்பதில்லை. கனிம மற்றும் பெட்ரோலிய வளத் துறை மாதந்தோறும் அறிவிக்கிறது, மாதத்தின் முதல் புதன்கிழமை அது நடைமுறைக்கு வருகிறது. கடற்கரையில் இருக்கும் நமக்கு ஒரு விலை, உள்நாட்டில் இருக்கும் ஜொகன்னஸ்பர்க்குக்கு வேறு விலை. அந்த விலைக்குள் சில்லறை வியாபாரிக்கு எத்தனை சென்ட் என்பதும் அரசு வகுத்த கணக்கு முறையில்தான் தீர்மானிக்கப்படுகிறது. 2013 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தக் கணக்கு முறை, ஒரு மாதிரி நிலையத்தின் செலவையும் முதலீட்டையும் அடிப்படையாகக் கொள்கிறது. எந்தக் கம்பெனியின் பலகை தலைக்கு மேல் தொங்கினாலும் பெட்ரோலில் கராஜ்காரருக்கு உரிய பங்கு அதேதான். டீசல் அப்படியில்லை. அதன் சில்லறை விலைக்கு அரசுக் கட்டுப்பாடு கிடையாது. அதனால்தான் உங்களிடம் வந்த விநியோகஸ்தர் டீசலைப் பற்றியே பேசுகிறார். பேரம் பேச அவருக்கு இடமிருப்பது பெரும்பாலும் அங்கேதான். மாமாவின் கராஜ் லாரிகள் நிற்கும் சாலையில் இருந்தால் அந்தத் தள்ளுபடி பெரிய பணம். குடியிருப்புப் பகுதியில் கார்களுக்கே நிரப்புகிற கராஜாக இருந்தால் மாத விற்பனையில் டீசல் எவ்வளவு என்று முதலில் கணக்கெடுங்கள். ஆசை காட்டும் எண் சிறியதாகிவிடக் கூடும்.

அடுத்தது உரிமம். 1977-ஆம் ஆண்டின் பெட்ரோலியப் பொருள்கள் சட்டம் பின்னால் திருத்தப்பட்டு, 2006 முதல் உரிமங்கள் கட்டாயமாயின. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: இடத்துக்கான உரிமம், சில்லறை விற்பனை உரிமம், மொத்த விற்பனை உரிமம். இட உரிமம் நிலத்தோடு சேர்ந்தது. சில்லறை உரிமம் அந்த இடத்தில் வியாபாரம் செய்பவருக்கு. மொத்த உரிமம் எண்ணெய்க் கம்பெனி போன்றவருக்கு. அதை வைத்திருப்பவர், பயிற்சிக்காக நடத்தும் நிலையம் தவிர, சில்லறை உரிமம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. உங்கள் மாமாவை வெளியேற்றிவிட்டு அந்தக் கம்பெனி தானே பம்பில் நின்று விற்க முடியாது என்பது இதன் பொருள். வேறொருவரைக் கொண்டுவர வேண்டும், அவர் தன் பெயரில் புதிதாகச் சில்லறை உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும். பேச்சுவார்த்தை மேசையில் இது மாமாவின் கையிலிருக்கும் உண்மையான பலம். ஆனால் பல டீலர்கள் இதை அறியாமலே தலையாட்டிவிட்டு வருகிறார்கள். பலத்துக்கு எல்லையும் உண்டு. சில்லறை உரிமம் அந்த ஓர் இடத்துக்குத்தான். இடம் கையைவிட்டுப் போனால் உரிமத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எதிர்ச் சாலையில் போய் விற்க முடியாது.

ஆகவே எல்லாம் நிலத்தில் வந்து நிற்கிறது. நிலம் கம்பெனியுடையதாக இருந்தால், மாமா கையில் இருப்பது குத்தகை ஒன்றே. எரிபொருள் ஒப்பந்தமும் குத்தகையும் ஒன்று விழுந்தால் மற்றதும் விழும்படி பிணைக்கப்பட்டிருக்கும். அந்த நிலையில் விநியோகஸ்தரை மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலம் மாமாவுடையது, கம்பெனி எண்ணெய் மட்டும் தருகிறது என்றால் ஒப்பந்தம் முடியும் நாளில் அவர் யாரிடம் வேண்டுமானாலும் போகலாம். சிக்கல் மூன்றாவது வகையில்தான் இருக்கிறது, நம் மக்களில் பலர் அதில் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள். நிலம் குடும்பத்துடையது, ஆனால் என்றோ ஒரு காலத்தில், தாத்தாவோ அப்பாவோ கட்டடம் எழுப்பப் பணம் வாங்கியபோது, நிலத்தைக் கம்பெனிக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்து, அதே நிலத்தைக் கம்பெனியிடமிருந்து உள்குத்தகையாகத் திரும்ப எடுத்திருப்பார்கள். குடும்பம் தன் நிலத்திலேயே கம்பெனிக்குக் குத்தகைதாரராக உட்கார்ந்திருக்கும். எண்ணெய் ஒப்பந்தம் முடிந்தாலும் தலைக்குத்தகை, அதாவது குடும்பம் கம்பெனிக்குக் கொடுத்த அந்த முதல் குத்தகை, இன்னும் ஆறேழு ஆண்டு ஓடிக்கொண்டிருக்கலாம். பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஓடும் குத்தகைகளை நிலப்பத்திரத்தில் பதிவு செய்துவைப்பது இங்கே வழக்கம். பதிவானால் நிலத்தை வாங்குபவரையும் அது கட்டும். எனவே ஒப்பந்தத்தைப் பிரிப்பதற்கு முன் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவு அலுவலகத்தில் அந்த நிலத்தின் பத்திரத்தைத் தேடி எடுங்கள். செலவு சொற்பம். என் மேசைக்கு வரும் குடும்பங்களில் பாதிப்பேர் பத்திரத்தின் பின்பக்கக் குறிப்புகளை ஒரு தடவையும் படித்ததில்லை. விற்க நினைத்தால் முதலில் கம்பெனிக்கே சொல்ல வேண்டும் என்ற முன்வாங்கும் உரிமையும் அங்கேயோ ஒப்பந்தத்திலோ ஒளிந்திருக்கும்.

இனி, பத்து ஆண்டு என்ற சொல்லைப் பார்ப்போம். உங்களுக்கு வந்த தாளில் கால வரையறை எழுதியிருக்கும் ஷரத்தை விரல் வைத்து மெதுவாகப் படியுங்கள். “பத்து ஆண்டு” என்று நின்றுவிடுகிறதா, “அல்லது இத்தனை லிட்டர் வாங்கி முடிக்கும் வரை, இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை” என்று தொடர்கிறதா என்று பாருங்கள். ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். மாதம் இரண்டரை லட்சம் லிட்டர் விற்கும் என்று நம்பி, பத்து ஆண்டுக்கு மூன்று கோடி லிட்டர் என்று எழுதுகிறார்கள். பக்கத்தில் புதிய கராஜ் ஒன்று திறக்கிறது, அல்லது நெடுஞ்சாலை வேலையால் வண்டிகள் வேறு வழியாகத் திரும்புகின்றன; விற்பனை மாதம் இரண்டு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இறங்குகிறது. மூன்று கோடியை முடிக்க 143 மாதம் ஆகும், அதாவது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவு. பத்து ஆண்டு என்று கையெழுத்துப் போட்டவர் பன்னிரண்டு ஆண்டு கட்டுப்பட்டிருக்கிறார், வியாபாரம் சரியச் சரிய அந்தக் கட்டு நீள்கிறது. கெட்ட காலத்தில் விடுதலை தேவைப்படும்போதே அது தள்ளிப்போகும்படி எழுதிய இந்த ஷரத்தை நான் எந்த டீலரையும் ஏற்கச் சொன்னதில்லை. “எது முன்னால் வருகிறதோ” என்று அந்த ஒரு சொல்லை மாற்றக் கேளுங்கள். மறுத்தால், அதிகபட்சம் இத்தனை மாதம் என்று ஒரு மேல்வரம்பாவது வாங்குங்கள்.

குறைந்தபட்ச அளவை எட்டாத மாதத்துக்கு அபராதம் என்றும் சில தாள்களில் இருக்கும். அபராதம் நேர்ந்த நட்டத்துக்குப் பொருந்தாத அளவில் மிகையாக இருந்தால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம் என்று 1962-ஆம் ஆண்டின் ஒப்பந்த அபராதச் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள், ஏனென்றால் குறைப்பதற்காக வழக்காடும் செலவு அபராதத்தைவிடக் கூடலாம். கம்பெனி புதுப்பிக்கும் வேலைக்கு முன்பணம் தந்தால், இடையில் முறியும்போது எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்பதை ஆண்டுவாரியாக ஓர் அட்டவணையாகவே எழுதி இணைக்கச் சொல்லுங்கள். “கழியாத மீதியும் வட்டியும்” என்று ஒரே வரியில் விட்டால் அந்த மீதி எவ்வளவு என்று கடைசியில் கம்பெனியின் கணக்குப் பிரிவுதான் சொல்லும்.

புதுப்பிக்கும் உரிமையைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு ஓடிக்கொண்டிருப்பது ஒன்பது மாதம். பழைய ஒப்பந்தத்தில் மாமாவுக்குப் புதுப்பிக்கும் உரிமை எழுதப்பட்டிருக்கலாம். அதை இத்தனை மாதத்துக்கு முன், எழுத்தில், இன்ன முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று நிபந்தனையும் இருக்கும். வடகடற்கரையில் கராஜ் வைத்திருந்த ஒருவர் என்னிடம் வந்தபோது ஆறு மாதக் கெடு மூன்று வாரம் தாண்டிவிட்டிருந்தது. ஏரியா மேனேஜர் கராஜுக்கு வந்து, உள்ளே அமர்ந்து தேநீர் குடித்து, “நீங்கள் இருக்கத்தானே போகிறீர்கள்” என்று கேட்டிருக்கிறார், இவர் ஆமாம் என்றிருக்கிறார், இருவரும் கைகுலுக்கியிருக்கிறார்கள். இவர் மனத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டுவிட்டது. பிறகு அந்த மேனேஜர் இடம் மாறிப் போனார், தலைமை அலுவலகத்திலிருந்து காலி செய்யும்படி கடிதம் வந்தது. அவர் அந்தக் கடிதத்தோடு, மேனேஜர் வந்த நாளைக் குறித்த நாட்குறிப்பையும் என் முன் வைத்தார். அந்த நாட்குறிப்பால் ஒரு பயனும் விளையவில்லை. எழுத்தில் அன்றி எந்த மாற்றமும் செல்லாது என்று ஒப்பந்தம் சொன்னால் வாய்ச்சொல் நிற்காது என்பது 1964-இல் ஷிஃப்ரன் வழக்கில் தீர்ப்பான சட்டம், இன்றும் அதுவே சட்டம். 2020-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் பியாடிகா வழக்கில் இதற்கு நெருங்கிய ஒன்றைத் தீர்த்தது: கருவிகளை வாடகைக்கு விடும் ஃபிரான்சைஸ், அதாவது இன்னொரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் நடக்கும் கடை, நடத்திய சிறு தொழில்காரர்கள் குத்தகையைப் புதுப்பிக்கும் அறிவிப்பைக் கெடுவுக்குள் கொடுக்கவில்லை, நியாயம் கருதிக் காப்பாற்றுங்கள் என்று கேட்டார்கள், பெரும்பான்மை நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். எனவே இன்றிரவே பழைய ஒப்பந்தத்தில் அந்தத் தேதியைத் தேடுங்கள். புதிய தாளில் கையெழுத்துப் போட ஒரு மாதம் என்று கம்பெனி சொல்வது அவர்கள் வைத்த கெடு. பழைய தாளில் இருப்பதுதான் சட்டம் மதிக்கும் கெடு.

தரைக்கடியில் இருக்கும் டேங்குகளும் மேலே நிற்கும் பம்புகளும் யாருடையவை என்பதையும் பாருங்கள். நிலத்தில் நிலையாகப் பொருத்தியது நிலத்தோடு சேரும் என்பது பொதுச் சட்டம். ஆனால் கம்பெனியின் தாள்கள் அவை கம்பெனிக்கே சொந்தம் என்று எழுதிக்கொள்ளும், ஒப்பந்தம் செய்துகொண்ட இருவருக்குள் அது பொதுவாக நிற்கும். விநியோகஸ்தரை மாற்றும் நாளில் கம்பெனி டேங்கைத் தோண்டி எடுக்க வருமா, மதிப்பிட்ட விலைக்கு விற்குமா என்பதே கேள்வி. தோண்டினால் கராஜ் வாரக்கணக்கில் மூடியிருக்கும். விற்றால், பழைய டேங்கோடு பழைய கசிவும் மாமாவின் தலையில் வந்து விழும். கெட்டுப்போன மண்ணைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நிலத்துக்காரர் மீதும் சுமத்த நம் கழிவுச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதனால் எந்தப் பக்கம் போவதாக இருந்தாலும், கையெழுத்துக்கு முன் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்து, அந்த அறிக்கையை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அன்றைய நிலை என்ன என்று தாளில் இருந்தால்தான் பின்னால் கசிவு யார் காலத்தது என்று பேச முடியும்.

எண்ணெய் வந்து இறங்கும் வேளையில் என்ன நடக்கிறது என்பதைப் புதிய டீலர்கள் போதிய அளவு பார்ப்பதில்லை. மாமாவுக்கு இது பழக்கமாக இருக்கும், உங்களுக்காகச் சொல்கிறேன். டேங்கர் வந்ததும் அதன் ஒவ்வோர் அறையின் சீல் எண்ணையும் டெலிவரித் தாளோடு ஒப்பிட வேண்டும். இறக்குவதற்கு முன் கராஜின் டேங்கில் டிப் குச்சியை விட்டு அளந்து, அதன் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவித் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து, எழுதிவைத்து, இறக்கிய பிறகு மறுபடியும் அளக்க வேண்டும். பெட்ரோல் வெப்பத்தில் விரியும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. முப்பது டிகிரியில் ஏற்றிய 36,000 லிட்டர், நிலத்தடியில் இருபத்திரண்டு டிகிரிக்குக் குளிரும்போது ஏறத்தாழ 290 லிட்டர் சுருங்கும். யாரும் திருடவில்லை, ஆனாலும் அவ்வளவு லிட்டருக்கு மாமா பணம் கட்டியிருக்கிறார். இந்த இழப்பு யார் கணக்கில், குறைவு கண்டால் எத்தனை மணி நேரத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், ஓட்டுநர் தாளில் குறித்துக் கையெழுத்திட வேண்டுமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தக் கெடுவைத் தாண்டினால் முறையீடு செத்துவிடும். ஆகவே இரவு ஷிஃப்டில் டெலிவரி வாங்குபவருக்கு இந்த ஒரு பக்கத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

ஜாமீனை இரண்டே சொல்லில் சொல்லி நகர்கிறேன். கம்பெனி மாமாவின் நிறுவனத்தோடு மட்டும் ஒப்பந்தம் செய்யாது. மாமாவும், சில நேரம் மாமியும், தம் பெயரிலேயே ஜாமீன் நிற்கும் தாளையும் கூடவே அனுப்பும். அதில் தொகைக்கு வரம்பு வையுங்கள், மாமியின் பெயரை எடுக்கச் சொல்லுங்கள், பழைய ஒப்பந்தத்தில் போட்ட ஜாமீன் தாளை ரத்து செய்து எழுத்தில் வாங்குங்கள். கராஜை விற்றுவிட்டு வெளியேறிய பின்னும் பழைய ஜாமீன் உயிரோடிருந்து ஒருவரின் வீட்டைத் தேடி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எண்ணெய் வராத நாளுக்கு என்ன என்பதையும் டர்பனில் இருப்பவர்கள் மறக்க முடியாது. 2021 ஜூலைக் கலவரத்தின்போது சாப்ரெஃப் சுத்திகரிப்பு ஆலை, தன்னால் தவிர்க்க முடியாத நிலை என்று அறிவித்து மூடியது. அதே ஆலையை 2022 ஏப்ரல் வெள்ளம் சேதப்படுத்தியது, ஆலை திரும்ப இயங்கவில்லை. வென்ட்வொர்த்தில் இருந்த எஞ்சன் ஆலையும் 2020 டிசம்பரில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பைத் தொடரவில்லை. இப்போது நமக்கு வரும் எண்ணெயில் பெரும்பகுதி ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்டுக் கப்பலில் வருகிறது. இப்படிப்பட்ட காலத்தில் “தவிர்க்க முடியாத நிலை” ஷரத்து கம்பெனிக்கு மட்டும் விலக்குத் தருகிறதா, மாமாவுக்கும் தருகிறதா என்று பாருங்கள். எண்ணெய் வராத மாதத்தின் லிட்டர் குறைந்தபட்ச அளவிலிருந்து கழிக்கப்பட வேண்டும், குத்தகைப் பணமும் அதற்கேற்பக் குறைய வேண்டும், இத்தனை நாளுக்கு மேல் வராவிட்டால் வெளியே வாங்கிக்கொள்ள அனுமதி வேண்டும். மூன்றையும் கேளுங்கள், கடைசியாகச் சொன்னது கிடைப்பது கடினம், கேட்டால் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. கலவரச் சேதத்துக்கு வழக்கமான காப்பீடு பணம் தராது, அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்பீடு வேண்டும். கட்டடத்துக்கு அதை எடுத்துவிட்டு, மூடிக்கிடந்த நாளின் வருமான இழப்புக்கு எடுக்காமல் விட்டவர்கள் அந்த ஜூலையில் தவித்தார்கள்.

இப்போது வெளியேற்றும் பயத்துக்கு வருகிறேன். பெட்ரோலியப் பொருள்கள் சட்டத்தின் 12பி பிரிவு டீலருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்புகளில் மிக முக்கியமானது. மொத்த வியாபாரியின் ஒப்பந்த நடவடிக்கை நியாயமற்றது அல்லது பொருத்தமற்றது என்று சில்லறை உரிமம் உள்ளவர் பெட்ரோலியப் பொருள்கள் கண்ட்ரோலர் என்ற அரசு அதிகாரியிடம் முறையிடலாம். மொத்த வியாபாரியும் அதேபோல் முறையிடலாம். கண்ட்ரோலர் இருவரையும் நடுவரிடம் போகும்படி எழுத்தில் பணிக்கலாம். நடுவர் யார் என்பதில் பதினான்கு நாளுக்குள் இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கண்ட்ரோலரே ஒருவரை நியமிப்பார். நடுவர் நியாயமற்றது என்று கண்டால் அதைச் சரிசெய்யும் ஆணை இடலாம், அந்த ஆணை இறுதியானது. ஒப்பந்தத்தை முறிப்பதும் இந்த “நடவடிக்கை”க்குள் அடங்குமா என்பதில் நெடுநாள் சண்டை இருந்தது. ஜொகன்னஸ்பர்க் எம்மரென்ஷியாவில் இருந்த ஒரு நிலையத்துக்கும் எஞ்சனுக்கும் நடந்த பிசினஸ் ஸோன் வழக்கில், அடங்கும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் தீர்த்துவைத்தது. இவ்வளவும் உறுதியானது.

உறுதியில்லாததையும் சொல்லிவிடுகிறேன். எது நியாயமற்றது என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இல்லை, நடுவர் தீர்ப்புகள் பொதுவெளியில் கிடைப்பதும் அரிது. ஆகையால் உங்கள் வழக்கு வெல்லுமா என்று எந்த வழக்கறிஞரும் சத்தியம் செய்ய முடியாது. காலம் முழுமையாக முடிந்து, கம்பெனி புதுப்பிக்க மறுப்பது மட்டுமே நடந்திருந்தால் வாதம் இடையில் முறித்ததைவிடப் பலவீனமானது என்பது என் கருத்து. கண்ட்ரோலரிடம் கடிதம் கொடுத்ததாலேயே வெளியேற்றும் வழக்கு தானாக நின்றுவிடும் என்றும் நம்பாதீர்கள். குவாசுலு-நட்டாலிலிருந்து போன க்ராம்ப்டன் ஸ்ட்ரீட் மோட்டார்ஸ் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021-இல் ஆராய்ந்தது, 12பி நடுவர் விசாரணைக்கும் வெளியேற்றும் வழக்குக்கும் உள்ள இந்த உறவைத்தான். நடைமுறையில், நிறுத்திவைக்கும்படி உயர் நீதிமன்றத்தை டீலர்தான் கேட்க வேண்டும், அதைத் தக்க நேரத்தில் கேட்க வேண்டும். கம்பெனி வெளியேற்ற வழக்குப் போட்டு, விசாரணைக்கு முந்திய வாரம் கண்ட்ரோலர் அலுவலகத்துக்கு ஓடுகிறவரை நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தையும் சிலர் உங்களுக்குச் சொல்லியிருக்கலாம். 2008-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களுக்கு, நிறுவனம் எவ்வளவு பெரியதானாலும், பொருந்தும். கையெழுத்துக்குப் பதினான்கு நாள் முன்பு விவரத் தாள் தர வேண்டும், கையெழுத்துக்குப் பின் பத்து வேலை நாளுக்குள் எழுதிக்கொடுத்து அபராதமின்றி விலகலாம். மாமாவின் ஒப்பந்தத்தில் கம்பெனியின் பெயர், நிறம், கடை நடத்தும் முறை, கட்டணம் எல்லாம் சேர்ந்திருந்தால் அது ஃபிரான்சைஸ் என்று வாதிட நல்ல இடம் உண்டு. வெறுமனே எண்ணெய் வாங்கும் தாள் என்றால் அந்த வாதம் நிற்பது சந்தேகம்.

உங்களிடம் வந்த இன்னொரு விநியோகஸ்தரைப் பற்றி என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய ஒப்பந்தம் உயிரோடிருக்கும் இந்த ஒன்பது மாதத்தில் அவரிடமிருந்து ஒரு லிட்டர்கூட இறக்கக் கூடாது. கம்பெனியிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்ற ஷரத்தை மீறி வெளியே வாங்கியது தெரிந்தால், முறிக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருக்கும் கம்பெனிக்கு அதை நீங்களே கையில் கொடுத்ததாகிவிடும். 12பி நடுவரிடம் போனாலும் மாமாவின் முகம் கறுத்திருக்கும். அந்த விநியோகஸ்தருடைய மொத்த விற்பனை உரிமத்தின் நகலையும், எண்ணெய் எங்கிருந்து ஏற்றப்படுகிறது என்பதற்கான சான்றையும் கேளுங்கள். நம்ப முடியாத விலைக்கு டீசல் வந்தால் அதில் பாரஃபின், அதாவது மண்ணெண்ணெய், கலந்திருக்க வாய்ப்புண்டு. பாரஃபினுக்கு எரிபொருள் வரி இல்லாததால் இந்தக் கலப்படம் நாடெங்கும் நடக்கிறது. பிடிபட்டால் கேள்வி கேட்கப்படுவது கராஜின் பெயருக்குத்தான், லாரியின் எஞ்ஜின் கெட்டவரும் மாமாவின் வாசலுக்குத்தான் வருவார். வந்தவர் நேர்மையானவராக இருந்தால் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

கம்பெனியே கைமாறும் காலம் இது என்பதையும் மனத்தில் வையுங்கள். 2024-இல் எஞ்சனை விவோ எனர்ஜி வாங்கியது, அதே ஆண்டில் ஷெல் இங்குள்ள தன் விற்பனைத் தொழிலை விட்டு வெளியேறப் போவதாக அறிவித்தது. டீலரின் சம்மதமின்றியே ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கலாம் என்ற ஷரத்து எல்லாத் தாளிலும் இருக்கும். அதை நீக்க முடியாது. வாங்குபவரும் அதே கடமைகளுக்குக் கட்டுப்படுவார், மாமாவுக்கு எழுத்தில் அறிவிக்கப்படும் என்று சேர்க்க முடியும். மாமா கராஜை விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ நினைத்தால் கம்பெனியின் சம்மதத்தை நியாயமான காரணமின்றி மறுக்கக் கூடாது என்ற வரியும் அதே இடத்தில் வேண்டும்.

என்ன செய்வது என்று கேட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரத்திலேயே நிலப்பத்திரத்தையும், பழைய ஒப்பந்தத்தையும், அதற்குப் பின்னர் வந்த இணைப்புக் கடிதங்களையும், ஜாமீன் தாளையும், இரு உரிமங்களையும், கடந்த இருபத்து நான்கு மாத லிட்டர் கணக்கையும் ஒரே கோப்பில் சேர்ப்பேன். பழைய தாளில் புதுப்பிக்கும் உரிமை இருந்தால், அதைப் பயன்படுத்துவதாக அந்தத் தாள் சொல்லும் முறையிலேயே எழுதி அனுப்பிப் பெற்றதற்கான கையெழுத்தை வாங்குவேன்; ஆனால் புதுப்பித்தால் எந்த நிபந்தனையில் என்று பார்த்த பிறகு. நிலம் கம்பெனியுடையதாக இருந்தால் இரண்டாவது விநியோகஸ்தருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, கால வரையறை, ஜாமீன், விற்கும் உரிமை மூன்றிலும் முழுக் கவனத்தையும் வைப்பேன். நிலம் குடும்பத்துடையதாக, தலைக்குத்தகை எதுவும் இல்லாமல் இருந்தால் பத்து ஆண்டுக்குப் பதிலாக ஐந்து ஆண்டு கேட்பேன், டீசல் தள்ளுபடியை இருவரிடமும் எழுத்தில் வாங்கி ஒப்பிடுவேன். பத்திரத்தில் பதிவான தலைக்குத்தகை இருந்தால், அதன் முடியும் தேதி தெரியும்வரை இரண்டு தாளிலும் மாமா பேனா வைக்கக் கூடாது.